புதிதாக நிரல் எழுதுபவர்கள் சந்தேகம் கேட்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக நிரல் எழுதக் கற்பவர்களுக்கு, குறிப்பாகப் பைத்தான் படிப்பவர்களுக்கு, இணையத்தில் பதில் சொல்லி வருகிறேன். நிரலைப் பற்றிய கேள்வி ஆளுக்கு ஆள் மாறும். எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டால் திட்டுவார்களா என்ற தயக்கம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கிறது. தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள், கேட்டவர்கள் கேட்ட மொழியிலேயே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைத் தொட்டுச் செல்வதால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

ரொம்ப சின்ன கேள்வியா இருந்தா சிரிப்பாங்களா?

விம் என்ற எடிட்டரைத் திறந்துவிட்டு, அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் 2012-இல் ஒருவர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி-பதில் தளத்தில் கேட்டார். ஒரு மென்பொருளை மூடுவது எப்படி என்பதைவிடச் சின்னக் கேள்வி இருக்க முடியுமா? அந்தக் கேள்வியைப் பார்த்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதாக 2017-இல் அந்தத் தளமே அறிவித்தது. அத்தனை பேருக்கும் இருந்த சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்டவர் ஒருவர்.

கேள்வி சின்னது என்பதற்காக அனுபவசாலிகள் யாரும் எரிச்சல்படுவதில்லை. உதவலாம் என்று வந்தவருக்கு, எங்கிருந்து தொடங்குவது என்றே பிடிபடாதபடி கேள்வி இருந்தால்தான் சங்கடம். அதைத் தவிர்க்கும் வழிகளைத்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

எங்க போய் கேக்கணும்?

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். அது உரையாடும் இடமன்று. ஒரு தெளிவான கேள்வி, அதற்கான பதில்கள், பிறகு தேடி வருகிறவர்களுக்காக அவை அப்படியே இருக்கும். அவ்வளவுதான் அதன் நோக்கம். "எந்த மொழி முதலில் படிக்கலாம்?", "என் புரோஜெக்ட் எப்படி இருக்கிறது?" என்று அங்கே கேட்டால் மூடிவிடக்கூடும். அப்படிப்பட்டவற்றுக்கு டெலிகிராம், டிஸ்கார்ட் குழுக்களும், பைத்தானின் அதிகாரபூர்வ விவாதத் தளத்தில் உள்ள உதவிப் பகுதியும் பொருத்தம்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஸ்பானிஷ், போர்த்துகீஸ், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளிலும் தனித்தனித் தளங்களாக இயங்குகிறது, தமிழில் இல்லை. தமிழில் பேசிக் கேட்க வேண்டும் என்றால் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு போன்ற கட்டற்ற மென்பொருள் குழுக்களை நாடலாம். அடிப்படைகளைத் தமிழிலேயே படிக்க, கணியம் அறக்கட்டளை இலவசமாக வெளியிடும் மின்னூல்கள் இருக்கின்றன.

ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களில் போடாதீர்கள். ஓரிடத்தில் தீர்ந்த பிறகும் மற்ற இடங்களில் யாராவது உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. தப்பா எழுதினா மதிக்க மாட்டாங்களே?

நிரலும் பிழைச்செய்தியும் சரியாக இருந்தால், நடுவில் இருக்கும் ஆங்கிலம் எவ்வளவு தடுமாறினாலும் புரிந்துகொள்வார்கள். பதில் சொல்பவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி கிடையாது. மூன்று குட்டி வாக்கியங்கள் போதும்: நான் இதைச் செய்யப் பார்க்கிறேன், இந்த விடை வரும் என்று நினைத்தேன், இந்த விடை வருகிறது. எழுத்துப்பிழைக்காக வருந்தி ஒரு பத்தி எழுதும் நேரத்தில் எந்த வரியில் பிழை வருகிறது என்று எழுதுங்கள்.

எரர் வந்தா உடனே கேக்கலாமா, அதுக்கு முன்னாடி ஏதாவது பாக்கணுமா?

பிழைச்செய்தியைப் படியுங்கள். சிவப்பில் பத்து வரி கொட்டியதும் படிக்காமலே நகலெடுத்து அனுப்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். டிரேஸ்பேக் எனப்படும் அந்தச் சிவப்பு வரிகளைப் பைத்தானில் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். என்ன தவறு என்பது கடைசி வரியில் இருக்கும். எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும்.

விலையை வாங்கிக் கணக்குப் போடும் ஒரு நிரல், "வேல்யூஎரர்: இன்வேலிட் லிட்டரல் ஃபார் இன்ட்() வித் பேஸ் 10: '12.5'" என்று சொல்லி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் உங்களுக்கு வேண்டியது கடைசியில் மேற்கோளுக்குள் இருக்கும் 12.5தான். இன்ட் இந்த இடத்தில் முழு எண்ணைத்தான் ஏற்கும். தட்டியவர் தசமப் புள்ளி வைத்த எண்ணைக் கொடுத்திருக்கிறார். இன்ட்டை, தசம எண்ணையும் ஏற்கும் ஃப்ளோட் என்று மாற்றினால் முடிந்தது. இதே செய்தி வெறும் மேற்கோள்குறிகளோடு, உள்ளே எதுவும் இல்லாமல் முடிந்தால் வேறு கதை: யாரோ எதையும் தட்டாமல் என்டரை அழுத்தியிருக்கிறார்கள். ஒரே பிழைதான், ஆனால் தீர்வு வேறு. அதனால்தான் செய்தியைக் கடைசி எழுத்துவரை படிக்கச் சொல்கிறேன்.

நிரலை எழுதிய விதமே தப்பு என்று சொல்லும் சின்டாக்ஸ் எரர் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். சில நேரம் அது காட்டும் வரியில் தவறே இருக்காது. அதற்கு முந்தைய வரியில் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருப்பீர்கள். 2021-இல் வெளியான பைத்தான் 3.10 முதல், மூடாமல் விட்ட அடைப்புக்குறியையே சுட்டிக்காட்டுகிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் ஒரு வரி மேலேயும் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் புரியவில்லை என்றால், கடைசி வரியிலிருந்து உங்கள் கோப்பின் பெயரையும் மாறியின் பெயரையும் எடுத்துவிட்டு மீதியைத் தேடிப் பாருங்கள். அதன் பிறகு தாராளமாகக் கேளுங்கள்.

"வேலை செய்யல"ன்னு சொன்னா அவங்களுக்கே புரியாதா?

புரியாது. நிரல் தொடங்கவே இல்லையா, நடுவில் நிற்கிறதா, ஓடி முடித்துத் தப்பான விடை தருகிறதா, முடிவே இல்லாமல் சுற்றுகிறதா? நான்குக்கும் தேட வேண்டிய இடம் வேறு. "10-உம் 20-உம் கொடுத்தேன், 30 வர வேண்டும், 1020 வருகிறது" என்று எழுதிப் பாருங்கள். தட்டியதை வாங்கித் தரும் இன்புட் எப்போதும் எழுத்துச் சரத்தைத்தான் தரும், நீங்கள் எண்ணாக மாற்றாமலே கூட்டிவிட்டீர்கள் என்பதை உங்கள் நிரலைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள்.

போன்ல போட்டோ எடுத்து அனுப்பினா ஏன் கோவப்படறாங்க?

படத்தில் இருக்கும் நிரலை நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. உட்கார்ந்து தட்ட வேண்டும். அதே பிழையில் நாளைக்கு மாட்டுகிறவர் தேடினாலும் படத்துக்குள் இருப்பது கிடைக்காது. திரைவாசிப்பான் வைத்து வேலை செய்யும் பார்வையற்ற நிரலாளர்களுக்கு உங்கள் கேள்வி வெற்றுப் பக்கம்தான். சன்னலின் தோற்றமோ வரைபடமோதான் பிரச்சினை என்றால் படம் போடலாம். மற்றபடி எழுத்தாகவே போடுங்கள்.

எழுத்தாகப் போடும்போது நிரலின் மேலும் கீழும் மூன்று பேக்டிக் வையுங்கள். வழக்கமான விசைப்பலகையில் எண் 1-க்கு இடப்பக்கம், எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் குறி அது. பைத்தானில் வரித் தொடக்கத்து இடைவெளியும் நிரலின் பகுதி. அது கலைந்துவிட்டால், எந்த வரி லூப்புக்குள் இருக்கிறது, எது வெளியே என்று யாராலும் சொல்ல முடியாது.

300 வரி புரோகிராம் இருக்கு. முழுசா போடவா, கொஞ்சம் போடவா?

இரண்டும் வேண்டாம். பிரச்சினையை மட்டும் காட்டுகிற, தனியாக ஓடக்கூடிய ஒரு சிறிய நிரலைப் போடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

கடைக்குப் பில் போடும் நிரல் ஒன்று. அளவு பூஜ்யமாக இருக்கும் பொருட்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். சில நீங்குகின்றன, சில அப்படியே நிற்கின்றன. டேட்டாபேஸ், ஜிஎஸ்டி கணக்கு, பிரின்டர் எல்லாம் சேர்ந்து 300 வரி. முதலில் பிரின்டர் பகுதியைத் தூக்குங்கள். பிழை இன்னும் வருகிறதா? வருகிறது. ஜிஎஸ்டியையும் எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸுக்குப் பதில் நான்கு எண்களைக் கையாலேயே ஒரு லிஸ்டில் எழுதுங்கள்: 1, 2, 2, 3. அதில் இருக்கும் 2-களை நீக்க ஒரு ஃபார் லூப். ஓட்டினால் 1, 3 வர வேண்டும். 1, 2, 3 வருகிறது. மொத்தச் சிக்கலும் ஐந்து வரிக்குள் வந்துவிட்டது.

இந்த ஐந்து வரியைப் பார்த்ததும் அனுபவமுள்ளவர் சொல்லிவிடுவார்: லூப் ஓடும்போதே அதே லிஸ்டிலிருந்து நீக்குகிறீர்கள். முதல் 2 போனதும் இரண்டாவது 2 ஓரிடம் முன்னால் நகர்ந்துவிடுகிறது, லூப்போ அடுத்த இடத்துக்குத் தாவிவிடுகிறது. அடுத்தடுத்து வந்த பூஜ்யங்கள் தப்பியது இப்படித்தான். வேண்டியவற்றை மட்டும் கொண்ட புது லிஸ்ட் ஒன்றை உருவாக்கிக்கொண்டால் தீர்ந்தது. இப்படிச் சுருக்கிக்கொண்டே வரும்போது, கேட்பதற்கு முன்பே விடையைக் கண்டுபிடித்துவிடுகிறவர்கள் நிறைய. அது கேள்வி கேட்பதைவிடப் பெரிய பயிற்சி.

பைத்தான் வெர்ஷன், ஃபைல் பேரெல்லாம் எதுக்குக் கேக்கறாங்க?

பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி போடாமல் எழுதிய பழைய பாடங்கள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிப்பு எண்ணைச் சொன்னால் இந்தக் குழப்பம் முதலிலேயே விலகும். ஒரே கணினியில் இரண்டு பைத்தான் இருந்து, மாட்யூல்களை நிறுவித் தரும் பிப் ஒன்றில் நிறுவ, எடிட்டர் இன்னொன்றை ஓட்ட, "மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்" வருவதும் தினசரி நடப்பதுதான்.

கோப்பின் பெயர் இன்னும் சுவாரசியம். குலுக்கல்போல எண் எடுத்துத் தரும் ரேண்டம் மாட்யூலைப் பயிற்சி செய்பவர் தன் கோப்புக்கும் ரேண்டம் என்றே பெயர் வைப்பார். பைத்தான் தன் சொந்த மாட்யூலை விட்டுவிட்டு அவருடைய கோப்பையே எடுத்துக்கொள்ளும். பிறகு, "ரேண்ட்இன்ட் என்று ஒன்று இல்லவே இல்லை" என்ற பொருளில் பிழை வரும். நிரலை எத்தனை முறை படித்தாலும் தவறு தெரியாது, ஏனென்றால் தவறு நிரலில் இல்லை. பைத்தான் 3.13 பெயரை மாற்றிப் பார்க்கும்படி அந்தச் செய்தியிலேயே சொல்கிறது.

எங்க காலேஜ்ல டர்போ சி++தான். அதுல டவுட் கேட்டா எல்லாரும் வேற ஏதோ சொல்றாங்களே?

டர்போ சி++ 1990-இல் வந்தது. சி++ மொழிக்கு முதல் தரநிலை வெளியானதே 1998-இல். அதனால் ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச், கோனியோ, கிளியர் ஸ்கிரீன், வாய்ட் மெயின் என்று லேபில் எழுதும் பலவும் இன்றைய கம்பைலரில் ஏறாது. வெளிநாட்டில் இருந்து பதில் சொல்பவர், முப்பது ஆண்டு பழைய கருவியை யாராவது இன்னும் பயன்படுத்துவார்கள் என்று எதிர்பார்ப்பதே இல்லை.

முதல் வரியிலேயே "கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சி++ கட்டாயம், மாற்ற எனக்கு அனுமதி இல்லை" என்று எழுதிவிடுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே நின்றுவிடும். வீட்டில் மட்டும் ஜிசிசி என்ற இன்றைய கம்பைலரை நிறுவிப் பழகுங்கள். தேர்வுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று இரண்டையும் தெரிந்துவைக்க வேண்டியிருப்பது மாணவர்கள் மேல் ஏற்றப்பட்ட தேவையற்ற பாரம். பாடத்திட்டம் வகுப்பவர்கள் இதை மாற்ற வேண்டும்.

நான் ஒண்ணு கேட்டா, "எதுக்கு இது?"ன்னு திருப்பிக் கேக்கறாங்க. பதிலைச் சொல்ல வேண்டியதுதானே?

"லிஸ்டை ஸ்டிரிங்காக மாற்றினேன். அதில் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வெட்டுவது எப்படி? நடுவில் இருக்கும் மேற்கோள்குறிகளையும் எடுக்க வேண்டும்." இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லலாம். ஆனால் கேட்டவருக்கு வேண்டியது, லிஸ்டில் உள்ள பெயர்களைக் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் காட்டுவது. ஜாயின் என்ற ஒன்றே அதைச் செய்துவிடும். வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

நீங்கள் பாதி வழியில் யோசித்த தீர்வைக் கேள்வியாக்கிவிட்டு, உண்மையான தேவையைச் சொல்லாமல் விடுவது எல்லோருக்கும் நேர்வதுதான். அனுபவசாலிகள் இதை எக்ஸ்-ஒய் சிக்கல் என்பார்கள். "எதுக்கு?" என்று கேட்பவர் உங்களைச் சந்தேகப்படவில்லை. உங்கள் வேலை சுலபமாக முடியும் வழி ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

போட்ட உடனே டூப்ளிகேட்னு மூடிட்டாங்க, மைனஸும் விழுந்துச்சு. அவ்வளவுதானா?

டூப்ளிகேட் என்றால் உங்கள் கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது, இதோ இணைப்பு என்று பொருள். அந்த இணைப்பைப் படியுங்கள். உங்கள் சூழலுக்குப் பொருந்தாவிட்டால் ஏன் பொருந்தவில்லை என்று கேள்வியிலேயே சேர்த்துத் திருத்துங்கள். மூடியவற்றையும் திருத்தினால் மறுபடி திறக்க வாய்ப்புண்டு.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பிறர் போடும் ஒரு மைனஸுக்கு உங்கள் நன்மதிப்பில் 2 புள்ளி குறையும், ஒரு பிளஸுக்கு 10 புள்ளி ஏறும். கணக்கு புதியவர்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. பதறிப்போய் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் தவறு. அழித்த கேள்விகளும் கணக்கில் சேர்வதால், தொடர்ந்து அப்படிச் செய்தால் கேள்வி கேட்கவே தானியங்கித் தடை வந்துவிடும்.

முகத்துல அடிச்ச மாதிரி பதில் சொல்றாங்க. இதையெல்லாம் பொறுத்துக்கணுமா?

வேண்டியதில்லை. "எந்தப் பதிப்பு?", "பிழைச்செய்தி எங்கே?" என்று வெட்டென்று கேட்பது வேறு, ஆளை இழிவுபடுத்துவது வேறு. முதலாவது வேலை நேரத்தின் நடுவே தட்டிய இரண்டு சொல். அதில் கோபம் இல்லை. இரண்டாவதை நடத்துநர்களிடம் புகார் செய்யுங்கள், அதற்கென்று பொத்தான் இருக்கிறது. புதியவர்களை வரவேற்கும் இடமாகத் தாங்கள் இல்லை என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே 2018-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதே ஆண்டில் நடத்தை விதிகளையும் கொண்டுவந்தது. உங்கள் மனக்குறை நியாயமானது. அதற்காகக் கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.

அசைன்மென்ட் கேள்வியைக் கேக்கலாமா?

அசைன்மென்ட் என்று சொல்லியே கேட்கலாம். கேள்வித்தாளை அப்படியே ஒட்டிவிட்டு "நாளைக்குள் வேண்டும் சார்" என்றால் யாரும் தொடமாட்டார்கள். நீங்கள் எழுதியது எதுவரை ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று காட்டினால் அடுத்த அடியைச் சொல்லித்தருவார்கள். முழு விடையையும் எழுதித் தருகிறேன், பணம் கொடு என்று தனிச்செய்தியில் வருகிறவர்களிடம் மாட்டாதீர்கள்.

சாட்ஜிபிடி இருக்கும்போது மனுஷங்களை எதுக்குக் கேக்கணும்?

பிழைச்செய்திக்குப் பொருள் கேட்க, ஒரு வரி என்ன செய்கிறது என்று கேட்க, நடுராத்திரியில் கூச்சமில்லாமல் கேட்க அது மிகவும் உதவும். தமிழிலேயே கேட்கவும் முடிகிறது. ஆனால் இல்லாத பங்ஷனையும் இருப்பதுபோல் உறுதியாகச் சொல்லும். அதைக் கண்டுபிடிக்கும் அனுபவம் புதியவர்களுக்கு இருக்காது என்பதுதான் கவலை. அப்படிப்பட்ட பதில்கள் குவிந்ததால் 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அவற்றைப் பதிலாகப் போடத் தடை விதித்தது.

"எதுக்கு இது?" என்று திருப்பிக் கேட்கும் மனிதரைப் பற்றி மேலே சொன்னேன். எந்திரம் பெரும்பாலும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். அதனிடம் வாங்கிய நிரலைக் கொண்டுவந்து கேட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். இந்த வரியை ஏன் எழுதினாய் என்று உங்களைத் துருவிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தமிழ் எழுத்து வர்ற புரோகிராம்ல பிரச்சினை. இதை இங்கிலீஷ்காரங்க கிட்ட எப்படிக் கேக்கறது?

"தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. திருப்பி எழுதினாலோ பாதியில் வெட்டினாலோ குறிகள் எழுத்தைவிட்டுத் தனியாகப் பிரிந்துவிடும். தமிழ் தெரியாதவருக்கு இது கண்ணில் தெரியாது. ஆகவே அந்தச் சொல்லை ஆஸ்கி என்ற பங்ஷனுக்குக் கொடுத்து, அது காட்டும் குறியெண்களையும் கேள்வியில் சேர்த்துப் போடுங்கள். யாரும் புரிந்துகொள்வார்கள். தீர்வு வேண்டுமென்றால், சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது.

விண்டோஸில் தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது "சார்மேப் கோடெக்" என்று பிழை வந்தால், ஓப்பன் என்பதற்குள் என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகாமல் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டினால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பாக இருக்கலாம். உள்ளே இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டியது. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதைத் தமிழ்க் குழுக்களில் கேட்பதே நல்லது.

ஆபீஸ் கோடைப் போட்டுக் கேக்கலாமா?

கூடாது. 300 வரியை ஐந்தாகச் சுருக்கும் முறையே இங்கும் கைகொடுக்கும்: நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாத புதுச் சிறு நிரலாக எழுதிக் கேளுங்கள். கடவுச்சொல்லோ, ஒரு சேவையைப் பயன்படுத்த நிரல் காட்டும் இரகசியக் குறியான ஏபிஐ கீயோ தவறி வெளியே போய்விட்டால், பதிவைத் திருத்துவது போதாது. பழைய வடிவம் திருத்த வரலாற்றில் இருக்கும். உடனே அந்தக் கீயை ரத்துசெய்து புதிது வாங்குங்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியாகும் கீகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ரெண்டு நாளாச்சு, யாருமே பதில் சொல்லல.

"அர்ஜென்ட்" என்று சேர்ப்பதால் பயன் இல்லை. தலைப்பைப் பாருங்கள்: "பைத்தான் உதவி" என்று இருந்தால் "லூப்பில் நீக்கும்போது சில உறுப்புகள் நீங்கவில்லை" என்று மாற்றுங்கள். இடையில் நீங்களே முயன்று பார்த்தவற்றைச் சேருங்கள். தனிச்செய்தியில் ஆளைத் துரத்தாதீர்கள்.

தீர்ந்துடுச்சு. இனி என்ன?

தீர்த்துவைத்த பதிலுக்கு டிக் போடுங்கள்; அதற்குப் புள்ளி எதுவும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. நீங்களே கண்டுபிடித்திருந்தால் அதையும் பதிலாக எழுதுங்கள். "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், அதே பிழையோடு ஓராண்டு கழித்து வருகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. பதில் வேலை செய்கிறது, ஏன் என்று புரியவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள். உங்கள் சொந்தக் கேள்வியின் கீழ் வரும் பதில்களுக்குக் கருத்திட எந்தத் தகுதியும் வேண்டாம்.

நானும் மத்தவங்களுக்குப் பதில் சொல்லலாமா? எனக்கே அரைகுறைதானே தெரியும்?

சொல்லலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பிறருடைய பதிவில் கருத்திட 50 புள்ளி வேண்டும், ஆனால் பதில் எழுத முதல் நாளே முடியும். 1020 வருகிறதே என்று கேட்பவருக்கு, போன மாதம் அதே இடத்தில் மாட்டிய நீங்கள் சொல்லும் பதில் பத்தாண்டு அனுபவசாலியின் பதிலைவிட நன்றாகப் புரியக்கூடும். எங்கே தடுக்கும் என்பது உங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. போடுவதற்கு முன் உங்கள் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். யாராவது திருத்தினால் பதிலைத் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தியவருக்கு அங்கேயே ஒரு நன்றி.